இரண்டாவது கையெழுத்து

காலை பதினொன்று பத்துக்கு லேப்டாப், வட்டில் இடமில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் என் கணவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். மறுநாள் காலை அவருடைய குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். அதற்குள் அவர் வாசித்து முடிக்க வேண்டிய வாக்கியங்கள் இன்னும் அறுபத்து நான்கு பாக்கி.

அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். இருபத்திரண்டு வருடமாக எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று ஊருக்கே சொன்னவர். ஓட்டுநர்களிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'மைக்'. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஆளுக்குப் புற்றுநோய் தொண்டையில் வந்தது. காலில் வந்திருக்கலாம், முதுகில் வந்திருக்கலாம். கடவுளிடம் சண்டை போட எனக்கு நேரமில்லை, அதனால் அதை ஒத்திப்போட்டிருந்தேன்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் ஒரு வழி சொன்னார். லேப்டாப்பில் ஒரு புரோகிராம் போட்டுத் தருவார்கள். அதில் வரும் ஆயிரத்து இருநூறு வாக்கியங்களை அவர் வாசித்துவிட்டால், அவருடைய குரலிலேயே பேசும் ஒரு குரலைச் செய்து கொடுப்பார்கள். பிறகு அவர் போனில் தட்டெழுதினால் அது அவர் குரலில் பேசும். "ஒவ்வொண்ணையும் ஒரு தடவை வாசிச்சாப் போதும், தப்பு வந்தாலும் பரவாயில்ல" என்று அந்த அம்மாள் சொன்னார். யாரிடம் போய் அதைச் சொல்கிறார் பாருங்கள்.

மைக் ஒவ்வொரு வாக்கியத்தையும் பத்து, பதினைந்து தடவை வாசித்தார். மூச்சுச் சத்தம் கேட்டால் திரும்ப. தெருவில் வண்டி போனால் திரும்ப. 'தண்ணீர்' என்பதில் 'ண்' சரியாக மடங்கவில்லையென்றால் திரும்ப. துணி அலமாரி இருக்கும் சின்ன அறையின் கதவில் கம்பளியைத் தொங்கவிட்டு, சட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காலையில் ஐந்து ஐம்பதிலிருந்து ஏழு பத்து வரை, மாலையில் நான்கிலிருந்து நான்கு ஐம்பது வரை. நாற்பது நாள். அந்த நேரத்தில் நான் குழாயைத் திறக்கக் கூடாது, துணி மெஷினைப் போடக் கூடாது, தும்மக் கூடாது. தும்மினால் உள்ளேயிருந்து குரல் வரும். மற்ற நேரங்களில் அவர் பேசுவதே இல்லை. இருக்கிற குரலைப் பதிவுக்கு மட்டும் செலவு செய்யச் சொல்லியிருந்தார்கள். எதுவானாலும் பழைய கால அட்டவணைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவார்.

கடைசி நாள் என்பதால் அன்றைக்குக் காலை பத்து மணிக்கும் உட்கார்ந்திருந்தார். பதினொன்று பத்துக்குக் கம்பளியை விலக்கிக்கொண்டு வந்து லேப்டாப்பை என் முன்னால் வைத்தார். திரையில், ஆயிரத்து நூற்று முப்பத்தாறு பச்சைப் புள்ளிகள் முடிந்தவை, அறுபத்து நான்கு சாம்பல் புள்ளிகள் பாக்கி. அதற்கு மேல் அந்த அறிவிப்பு. அவர் தாளில் எழுதினார்: 'பதிவாகல. மூணு தடவை பார்த்துட்டேன்.'

"நீங்க போய்ப் படுங்க. தொண்டைக்கு ஓய்வு குடுங்க. நான் பார்த்துக்கிறேன்" என்றேன்.

எனக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

லேப்டாப் மகளுடையது. கல்லூரியில் புதிது வாங்கிக்கொண்டபோது இதை எங்களுக்கு விட்டுவிட்டுப் போனாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தண்ணிபட்ட பாடு. ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பரீட்சை, ஒரு மணி வரைக்கும் போனை அணைத்து வைத்திருப்பாள். இரண்டு மணி நேரம் காத்திருக்கலாம். ஆனால் இரண்டு மணி நேரம் போனால் பாக்கியிருப்பது மூன்று. நான் கணக்குப் போட்டேன். காத்திருக்க முடியவில்லை.

போனில் தேடினேன். யாரோ ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். சி டிரைவில் இடம் குறைந்தால், கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர்களில் நிறைய அடைந்து கிடக்கலாம், முதலில் அவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும், மேலே இந்த இடத்தில் ஒரு டிக் போட வேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தார். நான் பாதி வரை படித்தேன். எதையெல்லாம் தொடக் கூடாது என்பதை அவர் இரண்டாவது பாதியில் எழுதியிருந்தார் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரியும்.

டிக் போட்டேன். அதுவரை ஏழு ஃபோல்டர்கள் இருந்த இடத்தில் பதின்மூன்று ஆகிவிட்டன. புதிதாக வந்தவை மற்றவற்றைவிட மங்கலாக இருந்தன. நம் வீட்டிலேயே நாம் பார்க்காத ஆறு பேர் இத்தனை நாளும் குடியிருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எனக்கு. கோபமும் வந்தது. யாரைக் கேட்டு இவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்?

அந்தக் கட்டுரைக்காரர் சொன்ன தற்காலிக ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரை முதலில் கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து டெலிட் அழுத்தினேன். சில, நாங்கள் வேலையில் இருக்கிறோம் என்று முரண்டு பிடித்தன, விட்டுவிட்டேன். ஆயிரத்து நானூற்று இருபத்தெட்டு போயின. அது சரியான வேலைதான், மகளும் பிறகு அதைக் குறை சொல்லவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதே தெருவில் பக்கத்து வீடு மாதிரி இன்னொரு மங்கல் ஃபோல்டர் இருந்தது. பெயர் வாயில் நுழையவில்லை, எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ. இருபத்து மூன்று ஜிபி. உள்ளே போனால் ஆயிரக்கணக்கில் ஃபைல்கள். எல்லாம் வெள்ளைத் தாள் படம், எல்லாம் புரியாத பெயர். எலி கொறித்த குப்பை மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்லியாக வேண்டும். நான் ஒரு மருந்துக் கிடங்கில் மருந்தாளுநர். பதினெட்டு வருடமாக என் கண்ணும் கையும் செய்வது ஒன்றே ஒன்று. பெட்டியைத் திருப்பு, தேதியைப் பார், பழையதை வெளியே எடு. வீட்டில் ஊறுகாய் பாட்டிலைக்கூட அப்படித்தான் எடுப்பேன். என் வீட்டுக்காரர் என்னைக் 'கம்பவுண்டரே' என்று கூப்பிடுவது அதனால்தான். கல்யாணமான புதிதில் கிண்டலாக ஆரம்பித்தது, பிறகு வேறு பெயரே இல்லாமல் போய்விட்டது.

அதனால் என் கை தானாகத் தேதிப் பட்டியின் தலையில் போய் அழுத்தியது. பழையவை மேலே வந்தன. நாற்பது நாள் பழையது, முப்பத்தொன்பது நாள் பழையது. ஒரு மாதத்துக்கு மேல் யாரும் தொடாதது குப்பை இல்லாமல் வேறென்ன? முதல் பத்து நாளை அள்ளினேன். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. டெலிட்.

பச்சைக் கோடு நகர்ந்து முடிந்தது. கை தட்டாத குறையாகச் சி டிரைவைப் போய்ப் பார்த்தேன். சிவப்புப் பட்டை அப்படியே இருந்தது. துளி இடம்கூட வரவில்லை.

மணி பன்னிரண்டு ஐந்து. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். கட்டுரையை மறுபடியும் எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். டெலிட் செய்தது உடனே போய்விடாதாம். குப்பைத் தொட்டியில் போய் உட்கார்ந்திருக்குமாம். அதையும் காலி செய்தால்தான் இடம் கிடைக்குமாம். சரி என்று தொட்டியின் மேல் வைத்து அழுத்தினேன். கேள்வி வந்தது: ஐயாயிரத்து முந்நூற்று நாற்பது உருப்படிகளை நிரந்தரமாக அழிக்கவா?

நிரந்தரமாக. என் விரல் அங்கே நின்றுவிட்டது.

கிடங்கில் காலாவதியான மருந்தை அழிக்க இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று, எடுத்து வைத்தவருடையது. இன்னொன்று, எடுத்து வைக்காத ஒருவருடையது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது வீண் சடங்கு என்று நான் முணுமுணுத்ததுண்டு. மூன்றாவது வருடம் நான் அள்ளி வைத்த ஒரு பெட்டியைக் கூட வேலை செய்தவள் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது காலாவதித் தேதி இல்லடி, தயாரிச்ச தேதி" என்றாள். அதற்குப் பிறகு முணுமுணுக்கவில்லை. இரண்டாவது கையெழுத்து இல்லாமல் ஒரு மாத்திரையைக்கூட என் கை அழித்ததில்லை. விரல் நின்றது அறிவால் இல்லை, பழக்கத்தால்தான். அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

மகள் பரீட்சையில். வீட்டில் இன்னொருவர் படுத்திருந்தார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் வைத்தேன். "ஏங்க, கொஞ்சம் பழைய குப்பையை அழிக்கப் போறேன். ஒரு பார்வை பார்த்துடுங்க. சும்மா ஒரு பேச்சுக்குத்தான்" என்றேன்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். தொட்டியைத் திறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பெயர்களை அவர் பார்க்கவில்லை. நேரத்தைப் பார்த்தார். ஃபைல் எழுதப்பட்ட தேதியும் நேரமும் ஒரு பட்டியாக இறங்கிக்கொண்டே போனது. வாழ்நாள் முழுக்கக் கால அட்டவணை படித்த மனிதர். விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போனார். ஐந்து ஐம்பத்திரண்டு, ஐந்து ஐம்பத்து மூன்று, ஆறு மணி, ஏழு ஒன்பது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு மாலை நான்கு ஒன்று, நான்கு இரண்டு, நான்கு நாற்பத்தொன்பது. மறுநாள் திரும்ப ஐந்து ஐம்பது.

அவர் தாளை எடுக்கவில்லை. வாயைத் திறந்தார்.

"இது என் வண்டி" என்றார்.

கரகரவென்று, சலங்கை அறுந்த மாதிரி வந்தது அந்தக் குரல். எனக்கு முதலில் புரியவில்லை. அவை அவர் பதிவுக்கு உட்காரும் நேரங்கள் என்று புரிந்தபோது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழிக்கவா என்ற கேள்விப் பெட்டியை அவர் மெல்ல மூடினார். அதற்குப் பிறகு பட்டியலின் முதல் ஃபைலை மட்டும் எடுத்த இடத்துக்கே திருப்பி அனுப்பச் சொன்னார். அனுப்பினோம். பாட்டு கேட்கும் புரோகிராமை வைத்து அதைத் திறந்தோம்.

"தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கட்டும்."

அவ்வளவுதான். அது நாற்பது நாளுக்கு முந்தைய மைக். பேருந்து நிலையத்தில் ஆயிரம் பேரின் இரைச்சலுக்கு மேலே, யாரையும் அதட்டாமல், ஒவ்வொருவர் காதுக்கும் தனியாகச் சொல்வது போல வரும் அந்தக் குரல். வட்டமாக, முழுசாக இருந்தது. நாற்பது நாளில் அது எவ்வளவு தேய்ந்துவிட்டது என்று கூடவே இருந்த நான் கவனிக்கவே இல்லை. பழையது கெட்டது என்று நினைத்து, இருப்பதிலேயே நல்லதை அள்ளித் தொட்டியில் போட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் முதுகில் தட்டினார், இரண்டு தட்டு. மூன்றாவது தட்டு கொஞ்சம் பலமாக விழுந்தது, அதில் கோபமும் இருந்தது. இருக்கட்டும், அது நியாயம்தான்.

பிறகு ஒவ்வொன்றும் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை வைத்துத் தொட்டியைப் பிரித்தோம். வாயில் நுழையாத பெயர் உள்ளவை எல்லாம் ஒரே கட்டாக வந்தன. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று. ஒன்று ஏற்கனவே போய்ச் சேர்ந்துவிட்டதால் கணக்குச் சரி. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டுப் பதிவுப் புரோகிராமைத் திறந்தோம். புள்ளிகள் எல்லாம் முதலில் சாம்பல் நிறத்தில் வந்தன. ஒன்றுகூடப் பச்சை இல்லை. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மேல் வரிசையில் ஒன்று பச்சையானது. பிறகு நாலைந்து. பிறகு மளமளவென்று. ஆயிரத்து நூற்று முப்பத்தாறில் வந்து நின்றது. போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் இடம்? அது அப்படியேதான் இருந்தது, பூஜ்யம்.

ஒன்று ஏழுக்கு மகள் கூப்பிட்டாள். பரீட்சை எப்படி என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. நடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன், பத்து நாளை அள்ளியதை மட்டும் கொஞ்சம் மென்று விழுங்கினேன். அவள் விடுவாளா?

"அம்மா, மறைச்சு வெச்ச ஃபோல்டர்ல கைய வெச்சியா?"

"தெரியாமதான்."

"அதை மறைச்சு வெச்சதே தெரியாம யாரும் கை வைக்கக் கூடாதுன்னுதான். சுவத்துக்குள்ள ஒயர் போகுது, குழாய் போகுது. அலமாரில இடம் இல்லன்னு சுவத்தை இடிப்பியா? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியிருப்ப."

"கொளுத்தல இல்ல. இப்ப வழியைச் சொல்லு. திட்டறதை நாளைக்கு வெச்சுக்க."

"அப்பா இத்தனை தடவையா வாசிச்சார்? அந்தப் புரோகிராம் வேண்டாம்னு தள்ளினதையும் தூக்கிப் போடாது, எல்லாத்தையும் அங்கதான் அடுக்கும். அதான் ரொம்பிடுச்சு."

"அப்ப வேண்டாததை மட்டும் எடுத்துடலாமா? ஒரு பென் டிரைவ்ல போட்டாவது?"

"எது வேணும் எது வேண்டாம்னு அதுக்கு மட்டும்தான் தெரியும். இடத்தை மாத்தினாக்கூடத் தேடித் திணறும். அதை மறந்துடு. செட்டிங்ஸ்க்குப் போ. அங்க ஸ்டோரேஜ்னு இருக்கும்."

போனேன். மெஷின் தானே எண்ணிப் பார்த்து, எதையெல்லாம் அழித்தால் தனக்கு வலிக்காது என்று ஒரு பட்டியல் போட்டது. நம் கையால் தேடி அழிப்பதும், அதுவே காட்டிக்கொடுப்பதை அழிப்பதும் வேறு வேறு என்று அவள் சொன்னாள். பட்டியலில் மேலேயே இருந்தது பதினேழு ஜிபி. போன வாரம் லேப்டாப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டபோது, பழைய சிஸ்டத்தை மூட்டை கட்டி ஒரு ஓரமாக வைத்திருந்ததாம்.

"அது எதுக்கு?"

"புதுசு பிடிக்கலன்னா பழசுக்குத் திரும்பிப் போகறதுக்கு. நீ போகப் போறதில்ல. லேப்டாப் நல்லாத்தானே ஓடுது? அப்ப அதுக்கு டிக் போடு. அம்மா, இரு. கீழ டவுன்லோட்ஸ்னு ஒண்ணு இருக்கும். அதுல டிக் இருக்கா?"

இருந்தது. நான்தான் ஒரு வேகத்தில் எல்லாவற்றுக்கும் போட்டிருந்தேன்.

"எடு. அப்பாவோட ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் அதுலதான் கிடக்கு."

எடுத்தேன். அவளிடம் முழுப் பட்டியலையும் ஒருமுறை படித்துக் காட்டினேன். "சரி, அழுத்து" என்றாள். அது இரண்டாவது கையெழுத்து. அழுத்தினேன்.

அது லேசில் போகவில்லை. முப்பது சதவீதத்தில் பத்து நிமிடம் நின்றது. எழுபத்தொன்றில் கால் மணி நேரம். அணைக்காதே, மூடாதே, மின்சாரத்தைப் பிடுங்காதே என்று மகள் சொல்லியிருந்தாள். நான் லேப்டாப்பைத் தொடவே பயந்து, மருத்துவமனைக்கான பையை எடுத்து அடுக்கினேன், பிரித்தேன், மறுபடியும் அடுக்கினேன். துண்டு, பல் துலக்கி, செருப்பு, எழுதத் தாள். சவரம் செய்யும் பொருட்களை வைத்தேன். தொண்டையில் துளை போட்ட பிறகு எப்படிச் சவரம் செய்வார் என்று தெரியாமல் வெளியே எடுத்தேன். திரும்ப வைத்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த அறுபத்து நான்கையும் சத்தமில்லாமல் சொல்லிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாற்பத்தைந்துக்குச் சிவப்புப் பட்டை நீலமானது. பதினேழு ஜிபி காலி.

நான்கரைக்குக் கிளம்ப வேண்டும். பேச்சுப் பயிற்சி அம்மாள், மருத்துவமனையில் சேர்த்து ஊசி போடுவதற்கு முன்பே பதிவுகள் எல்லாம் தங்களுக்கு வந்து சேர வேண்டும் என்று சொல்லியிருந்தார், அவற்றை இணையத்தில் ஏற்றுவதற்கே ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆக அறுபத்து நான்கு வாக்கியத்துக்கு முக்கால் மணி. "ஒண்ணுக்கு ஒரு தடவைதான். சத்தியம் பண்ணுங்க" என்றேன். அவர் தலையாட்டினார். கம்பளியைத் தூக்கிக்கொண்டு நானும் உள்ளே போய்ச் சட்டைகளுக்கு நடுவே நின்றேன். அந்த அறைக்குள் அவர் வாசிக்கும்போது நான் இருந்தது அதுதான் முதல் முறை.

குரல் உடைந்தது, அவர் நிறுத்தவில்லை. 'மருத்துவர்' என்பதில் பிசிறு தட்டியது, திரும்பிப் பார்த்தார், நான் கண்ணை உருட்டினேன், அடுத்ததற்குப் போனார். இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவர் செய்த மிகக் கடினமான காரியம் அதுவாகத்தான் இருக்கும். கடைசிப் பத்து இடங்கள் நம் விருப்பத்துக்கு விட்டிருந்தார்கள். யந்திரத்துக்குத் தெரியாத சொற்களை, வீட்டாரைக் கூப்பிடும் விதத்தை அதில் சொல்லிவைக்கலாம். மகளின் செல்லப் பெயரைச் சொன்னார். பேருந்து மேடைகளின் பெயர்கள் சிலவற்றைச் சொன்னார். அவை எதற்கு என்று நான் கேட்கவில்லை. கடைசி ஒன்று மிச்சம். என்னைப் பார்த்தார். லேப்டாப்பின் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமி, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

"கம்பவுண்டரே."

காணாமல் போன பயணியை விசாரணை அலுவலகத்துக்கு வரச் சொல்வது போல இருந்தது.

"இப்படியா என்னைக் கூப்பிடுவீங்க?" என்றேன்.

அவருக்கும் தெரிந்திருந்தது. உதட்டைப் பிதுக்கினார். திரும்ப ஒருமுறை என்று விரலைக் காட்டினார். மணி மூன்று முப்பத்தைந்து. வேண்டாம் என்று நான்தான் தலையசைத்தேன். கடைசிப் புள்ளியும் பச்சையானது. ஏற்றத் தொடங்கினோம், நான்கு முப்பத்தெட்டுக்கு முடிந்தது, கிளம்பினோம். லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அவரை உள்ளே கொண்டுபோன பிறகு, காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் ஒரு கடிகாரம், அதைப் பார்க்கக் கூடாது என்று எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறேழு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கட்டுரையின் மீதிப் பாதியை அப்போதுதான் படித்தேன். பத்து மணிக்கு மகளிடமிருந்து செய்தி வந்தது.

'அப்லோடு ஆனதை அவங்க சரிபார்த்துட்டாங்களாம் அம்மா. 1200ம் இருக்கு. இனிமே அந்த மறைஞ்ச ஃபோல்டரைத் தாராளமா அழிக்கலாம். நல்லது எல்லாம் அங்க போயிடுச்சு, இங்க இருக்கறது அப்பா வேண்டாம்னு தள்ளினதுதான். 23 ஜிபி. சேஃப்.'

லேப்டாப்பைத் திறந்தேன். ஃபோல்டருக்குப் போனேன். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். பதினைந்தாயிரத்துச் சொச்சம். டெலிட் மேல் விரலை வைத்துக்கொண்டு, அழிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்போம் என்று இயர்போனை மாட்டினேன். தேர்வை எடுத்துவிட்டு, நடுவிலிருந்து ஏதோ ஒன்றைத் திறந்தேன்.

"நாளை காலை எனக்கு... அட, யாருப்பா அது ஹாரன் அடிக்கிறது."

இன்னொன்று. "மருந்து கசப்பாக... சே." பிறகு இருமல். பிறகு தனக்குத்தானே ஒரு சிரிப்பு.

இன்னொன்று. "இந்தப் படுக்கை மிகவும்..." தூரத்தில் தடதடவென்று ஒரு சத்தம். ஒரு பெருமூச்சு. பிறகு பதிவாகிக்கொண்டிருப்பதை மறந்துவிட்டு, கதவைப் பார்த்து, பாதி கோபமும் பாதி சிரிப்புமாக, வீட்டுக்குள் மட்டும் கேட்கும் அந்தக் குரலில்:

"கம்பவுண்டரே, அந்தத் துணி மெஷினை நிறுத்தும்மா."

திரும்பப் போட்டேன். அது அப்படியே அவர். இன்னொன்றைத் திறந்தேன், இன்னொன்றை. நான் தும்மிய ஒவ்வொரு தடவையும், குழாயைத் திறந்த ஒவ்வொரு தடவையும் அதில் இருந்தது. கம்பவுண்டரே, யாரு வாசல்ல. கம்பவுண்டரே, நேரம் என்ன. அனுப்பி வைத்த ஆயிரத்து இருநூறில் ஒரே ஒரு தடவை, அதுவும் விசாரணை அலுவலகத்துக்கு. இங்கே நூறு தடவையாவது இருக்கும். பக்கத்து நாற்காலி அம்மாள் ஏதோ கேட்டார், நான் அழுகிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

போன் அதிர்ந்தது. மகள்.

'அழிச்சிட்டியா?'

'இல்ல' என்று அனுப்பினேன்.

'ஏன்? பயமா இருக்கா? நான்தான் சேஃப்னு சொல்றேனே.'

'ரெண்டாவது கையெழுத்து வேணும்.'

'நான் போடறேன் அம்மா. அழிச்சிடு.'

மணி பதினொன்று பத்து. எதிரே அறுவைச் சிகிச்சை அறையின் கதவு சாத்தியே இருந்தது. மேலே சிவப்பு விளக்கு.

'உன்னோடது இல்ல' என்று எழுதினேன். 'போட வேண்டியவர் இன்னும் வெளிய வரல.'